தெரபிஸ்டின் படிப்பு, பயிற்சி, அணுகுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரபிஸ்டை, அதாவது மனச் சிக்கல்களுக்குப் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவரை, தேடுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே களைத்துப் போயிருப்பவர்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களையும் "என் அணுகுமுறை" என்ற பத்தியையும் அலசிப் பார்க்கும் தெம்பு அப்போது இருக்காது. அந்த விவரங்களை எப்படிப் படிப்பது, எதைக் கேட்டுத் தெளிவது, அறைக்குள் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம்.

மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர், தெரபிஸ்ட்: யார் என்ன செய்வார்கள்?

மனநல மருத்துவர் மருத்துவப் படிப்பை முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பார். சிலர் தெரபியும் செய்வார்கள்; பலருக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மருத்துவ உளவியலாளர் எனப்படும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், உளவியல் மேற்படிப்போடு நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சியும் பெற்றவர். நினைவாற்றல், அறிவுத்திறன், ஆளுமை ஆகியவற்றுக்கான சோதனைகளும் இவர் செய்வார். கவுன்சிலர் பெரும்பாலும் துக்கம், மண வாழ்க்கை, வேலை என்று குறிப்பிட்ட ஒரு சிக்கலைக் குறுகிய காலத்துக்குப் பேசித் தெளிய உதவுபவர்.

தெரபிஸ்ட் என்பது செய்யும் வேலையின் பெயர். மேலே சொன்ன மூவரில் யாரும் தெரபிஸ்டாக இருக்கலாம். சமூகப் பணி படித்தவர்களும் செவிலியராக இருந்து பயிற்சி பெற்றவர்களும் உண்டு. அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒருவருடைய தகுதியை அறிய முடியாது.

ஒருவரின் பின்னணியில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: என்ன படித்தார், எத்தனை மணி நேரம் மேற்பார்வையின் கீழ் சிகிச்சை செய்து பழகினார், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார். படிப்பு மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாதவர்கள்தான் அதிகம் ஏமாற்றம் தருகிறார்கள். உளவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் பாடத்தை நன்றாக அறிந்திருக்கலாம். எதிரே ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பட்டம் கற்றுத் தராது.

எவ்வளவு பயிற்சி தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 1999-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி தெரபிஸ்ட் ஆவதற்குக் குறைந்தது 600 மணி நேரம் சிகிச்சை, அதற்கு 150 மணி நேரம் மேற்பார்வை, 120 மணி நேரம் தன்னாய்வு (பயிற்சி பெறுபவர் தன் மனதையே ஆராய்வது) என்று வரையறை இருந்தது (2020-இல் பயிற்சி முறை மாற்றி அமைக்கப்பட்டது). பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்ற பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, "சைக்கோதெரபிஸ்ட்" என்பதற்கு இல்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்களுக்கான பதிவு 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் கீழ் வந்தது. நீங்கள் இருக்கும் இடத்தில் எந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பதிவு எண்ணைக் கேட்டு, அந்த அமைப்பின் பொதுப் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். முறையாகப் பணி செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நிறைய சான்றிதழ்கள் இருந்தால் நல்லவர்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு நாள் பட்டறைக்கும் சான்றிதழ் தருகிறார்கள், இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கும் தருகிறார்கள். சுவரில் மாட்டினால் இரண்டும் ஒரே அளவுதான் தெரியும். ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை மணி நேரப் பயிற்சி? அதன் பிறகு நீங்கள் அந்த முறையில் செய்த சிகிச்சையை யாராவது பார்த்தோ ஒலிப்பதிவைக் கேட்டோ கருத்துச் சொன்னார்களா? இரண்டாவது கேள்விக்கு "ஆம்" என்று வந்தால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பு அதிகம்.

பதினைந்து முறைகளின் பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பவரைவிட, "எனக்கு இந்த இரண்டு முறைகள் நன்றாகத் தெரியும், இன்னின்ன பிரச்சினைகளை நான் எடுப்பதில்லை" என்று சொல்பவரை நம்பலாம் என்பது எங்கள் கருத்து. உணவுக் கோளாறு, போதைப் பழக்கம், சிறு குழந்தைகளின் பிரச்சினை ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர் வேறு ஒருவரிடம் அனுப்புவதுதான் முறை.

மேற்பார்வை என்கிறார்களே, அனுபவம் உள்ளவருக்கு அது எதற்கு?

ஒரு தெரபிஸ்ட் தன் சிகிச்சைகளை இன்னொரு மூத்த தெரபிஸ்டிடம் முறையாகக் கொண்டுபோய் விவாதிப்பதுதான் மேற்பார்வை, சூப்பர்விஷன் என்பார்கள். எங்கே தேங்கி நிற்கிறது, எதைத் தவறவிட்டோம், இந்த நோயாளியிடம் மட்டும் நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பதையெல்லாம் அங்கே பேசுவார்கள். பிரிட்டனின் பெரிய கவுன்சிலிங் அமைப்பு ஒன்று தன்னிடம் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் ஒன்றரை மணி நேர மேற்பார்வையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இது பொருந்தும்.

காரணம் எளிது. மூடிய அறைக்குள் இருவர் மட்டும் இருக்கும் தொழில் இது. வேலை சரியாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க ஆள் கிடையாது. சிகிச்சை சரியாகப் போகாத நோயாளிகளைத் தெரபிஸ்டுகள் தாங்களாகவே கண்டுபிடிப்பது கடினம் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எனவே "இப்போது நீங்கள் மேற்பார்வைக்குப் போகிறீர்களா?" என்ற கேள்வி அவருடைய பட்டத்தைப் பற்றிய கேள்வியைவிட அதிகம் சொல்லிவிடும். அங்கே உங்கள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல மாட்டார். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

தெரபிஸ்டும் தனக்காகத் தெரபி எடுத்திருக்க வேண்டுமா?

உளப்பகுப்பாய்வு (பழைய உறவுகளும் நாமறியாத மனப்போக்குகளும் இன்றைய சிக்கலில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் முறை) வழிவந்த பயிற்சிகளில் அது கட்டாயம். சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றப் பழக்கும் முறை) போன்றவற்றில் பெரும்பாலும் கட்டாயமில்லை. எடுத்திருப்பது நல்லது, எடுக்கவில்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை.

அணுகுமுறைகள் பல இருக்கின்றன. அறைக்குள் உட்கார்ந்தால் என்ன வித்தியாசம் தெரியும்?

ஒரே ஆளை வைத்துப் பார்க்கலாம். யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல வராத ஒருவர். வேலைச் சுமை ஏறி, தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

சிபிடி எனப்படும் அறிதல் நடத்தை சிகிச்சை தெரிந்தவர், போன வாரம் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வார். "முடியாது என்று சொல்ல வாயெடுத்த நொடியில் மனதில் என்ன ஓடியது?" என்பார். "சொன்னால் என்னை ஒதுக்கிவிடுவார்கள்" என்று பதில் வந்தால், அது உண்மைதானா என்று சோதிக்க ஒரு சிறிய பரிசோதனை அமைப்பார்: இந்த வாரம் ஒரு சின்ன வேண்டுகோளை மறுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று குறித்து வாருங்கள். இந்த முறையை 1960-களில் உருவாக்கிய ஏரன் பெக், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு உள்ளவர்களிடம் தன்னைப் பற்றிய கசப்பான எண்ணங்கள் தானாகவே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்த பிறகுதான் வேறு வழிக்குத் திரும்பினார்.

உளப்பகுப்பாய்வு வழிவந்தவர் அவ்வளவு அவசரப்பட மாட்டார். "முடியாது" என்று சொன்னால் அன்பு போய்விடும் என்பதை முதலில் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்ற திசையில் பேச்சு போகும். தெரபிஸ்டிடமும் நீங்கள் எதையும் மறுக்காமல் தலையாட்டுகிறீர்களா என்று கவனிப்பார். நேரத்தை மாற்றச் சொன்னபோது உங்களுக்குச் சிரமமாக இருந்தும் "பரவாயில்லை" என்றீர்களே என்று மெல்லச் சுட்டிக்காட்டுவார். பழைய உறவின் பாங்கு அந்த அறைக்குள்ளேயே மறுபடி நடப்பதைப் பிடித்துப் பேசுவதுதான் இந்த முறையின் மையம்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வந்தவர் அறிவுரையோ பயிற்சியோ தருவதைத் தவிர்ப்பார். நீங்கள் சொல்வதை உள்வாங்கி, நீங்களே இன்னும் தெளிவாகக் கேட்கும்படி திருப்பிச் சொல்வார். தீர்ப்புச் சொல்லாத ஏற்பு, துல்லியமான பரிவு, வேஷமில்லாத நேர்மை ஆகியவை இருந்தால் மாற்றம் வரும் என்று 1957-இல் ரோஜர்ஸ் எழுதினார். இன்று வேறு முறைகளைப் பின்பற்றுபவர்களிலும் பலர் இவற்றை அடிப்படையாக ஏற்கிறார்கள்.

ஜெரால்ட் கிளெர்மனும் மைர்னா வைஸ்மனும் உருவாக்கிய ஐபிடி என்ற உறவுமுறைச் சிகிச்சை, மனச்சோர்வு தொடங்கிய காலத்தில் உறவுகளில் என்ன மாறியது என்று பார்க்கும்: இழப்பு, உறவில் மோதல், வாழ்க்கையில் பொறுப்பு மாறியது, நெருங்கிய உறவுகளே இல்லாதது. இந்த நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு 12 முதல் 16 வாரங்களில் வேலை செய்வார்கள்.

எந்தப் பிரச்சினைக்கு எந்த முறை?

மிதமான மனச்சோர்வுக்குப் பல முறைகள் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருகின்றன. அங்கே உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். சில பிரச்சினைகளில் மட்டும் முறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுகள் வீணாகும்.

ஓசிடிக்கு (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்கக் கை கழுவுவது போன்ற சடங்குகளைச் செய்யவைக்கும் கோளாறு), பயம் தரும் சூழலை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் ஈஆர்பி முறை வேண்டும். "கை சுத்தமாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று வாராவாரம் ஆறுதல் சொல்லும் தெரபிஸ்ட் தெரியாமலே நோயை வளர்க்கிறார். அந்த ஆறுதலே ஒரு சடங்காகிவிடும். தூக்கமின்மைக்கு அதற்கென்றே உள்ள சிபிடி இருக்கிறது. அமெரிக்க உள்மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அதைப் பரிந்துரைத்தது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது அதில் ஒரு பகுதி. முதல் இரண்டு வாரம் பகலில் களைப்பு கூடும் என்று முன்பே சொல்லாவிட்டால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள்.

மன அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறுக்கு, அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடியையும் இஎம்டிஆர் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. இஎம்டிஆர், ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் தொடங்கிய முறை. கண்களை இடவலமாக அசைத்தபடி நினைவை மனதில் கொண்டுவருவார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் கட்டுக்கடங்காத உணர்ச்சிகளும் இருந்தால், மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி. அதில் தனி அமர்வோடு வாராந்திரக் குழு வகுப்பும் சேர்ந்து இருக்கும். குழு வகுப்பு இல்லாமல் "டிபிடி செய்கிறேன்" என்பவர் அதன் சில உத்திகளைப் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒருங்கிணைந்த அணுகுமுறை" என்று போட்டிருக்கிறாரே?

நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று முறைகளிலிருந்து உங்களுக்கு ஏற்றதை எடுத்து, ஏன் எடுத்தார் என்று விளக்கக்கூடியவராக இருந்தால் நல்லது. அன்றன்றைக்குத் தோன்றியதைச் செய்வதற்கும் இதே பெயரைச் சூட்டிக்கொள்கிறார்கள். "என் விஷயத்தில் எதை, ஏன் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் உங்கள் பிரச்சினையைச் சுற்றி இருக்க வேண்டும்.

முதல் அமர்வில் என்ன நடக்கும்?

வழக்கமாக 50 நிமிடம். முதல் முறை மட்டும் சிலர் 90 நிமிடம் ஒதுக்குவார்கள். முதலில் ரகசியம், கட்டணம், வராமல் போனால் என்ன என்பது போன்ற விதிகள். பிறகு இப்போது எதற்காக வந்தீர்கள், எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கேட்பார். தூக்கம், பசி, மது, மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய், முன்பு எடுத்த சிகிச்சை எல்லாம் வரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் நேரடியாகக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

உடல் நோயையும் நல்ல தெரபிஸ்ட் மறக்க மாட்டார். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை மனச்சோர்வு, பதற்றம் போலவே தோன்றும். சமீபத்தில் பரிசோதனை எதுவும் செய்யவில்லை என்றால் பொது மருத்துவரிடம் அனுப்புவார்.

இரண்டாவது அல்லது மூன்றாவது அமர்வுக்குள் பிரச்சினை எப்படி உருவாகி, எது அதை இன்னும் ஓடவைக்கிறது என்று தான் புரிந்துகொண்டதை அவர் உங்களுக்கு விளக்க வேண்டும். ஃபார்முலேஷன் என்பார்கள். அதைக் கேட்டு "ஆமாம், இதுதான்" என்றோ "இந்த இடம் மட்டும் தப்பு" என்றோ உங்களால் சொல்ல முடிய வேண்டும். நான்கைந்து அமர்வு போன பிறகும் அப்படி எதுவும் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுப்பாடம் தருவார்களாமே, அது எப்படி இருக்கும்?

சிபிடியில் அதிகம் தரப்படுவது எண்ணப் பதிவு. ஒரு தாளில் கட்டங்கள். சம்பவம்: மேலாளருக்கு அறிக்கை அனுப்பி இரண்டு மணி நேரமாகியும் பதில் இல்லை. எண்ணம்: "ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டேன்", அதை 85 சதவீதம் நம்புகிறேன். உணர்ச்சி: பயம், 100-க்கு 80. ஆதாரம்: போன மாதம் ஒரு எண்ணைத் தவறாகப் போட்டேன். எதிர் ஆதாரம்: அவர் மற்றவர்களுக்கும் மாலையில்தான் பதில் போடுவார், போன மூன்று அறிக்கைகளில் திருத்தம் வரவில்லை. மாற்று எண்ணம்: "அவர் இன்னும் திறந்தே பார்க்காமல் இருக்கலாம், தப்பு இருந்தாலும் திருத்தச் சொல்வார்." பயம் இப்போது 45.

கோளாறு வரும் இடங்கள் சில உண்டு. எண்ணத்தைக் கேள்வியாக எழுதுவது முதலாவது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பதைச் சோதிக்க முடியாது, "நான் ராசியில்லாதவன்" என்று வாக்கியமாக மாற்றினால்தான் ஆதாரம் தேட முடியும். ஆதாரக் கட்டத்தில் "எனக்கு அப்படித்தான் தோணுது" என்று எழுதுவது அடுத்தது. மாற்று எண்ணமாக "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று எழுதினால் மனம் அதை நம்பாது, பயத்தின் அளவும் இறங்காது. வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஞாபகத்திலிருந்து நிரப்பினால் அந்தத் தாளால் பயனே இல்லை. சம்பவம் நடந்த சில மணி நேரத்துக்குள் ஒன்றே ஒன்று எழுதினால் போதும்.

பயத்துக்கான பயிற்சி வேறு மாதிரி. லிஃப்டில் ஏறப் பயம் என்றால் படிப்படியாகப் பட்டியல் போடுவார்கள்: கதவு திறந்திருக்கும் லிஃப்டின் அருகில் நிற்பது 20, உள்ளே போய் உடனே வெளியே வருவது 35, துணையோடு ஒரு மாடி 50, தனியாக ஒரு மாடி 60, தனியாகப் பத்து மாடி 80, நெரிசலில் ஏறுவது 90. இந்த 0 முதல் 100 வரையிலான பய அளவுகோல் ஜோசப் வோல்பி தந்தது. ஏறுவதற்கு முன் "மூச்சு முட்டி மயங்கி விழுவேன், 70 சதவீதம் நிச்சயம்" என்று எழுதிவைத்து, இறங்கியதும் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பயம் இறங்கியதா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதைப் பாருங்கள். போனை இறுகப் பிடித்துக்கொள்வது, மாடியை எண்ணிக்கொண்டே இருப்பது, பையில் மாத்திரை வைத்திருப்பது ஆகியவை பயிற்சியைக் கெடுக்கும். "அது இருந்ததால்தான் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

எத்தனை அமர்வு ஆகும்?

பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சிபிடி பெரும்பாலும் வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வு. தூக்கமின்மைக்கு 6 முதல் 8. அதிர்ச்சிக்கான நீண்ட எதிர்கொள்ளல் சிகிச்சை (அந்த நினைவையும் தவிர்க்கும் சூழல்களையும் திரும்பத் திரும்ப எதிர்கொள்வது) 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. டிபிடி ஆறு மாதம் முதல் ஓராண்டு. உளப்பகுப்பாய்வு வழிமுறைகள் ஆண்டுக்கணக்கில் போகலாம். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று இழுத்தால் ஒவ்வொரு முறையும் நடந்த கதையைச் சொல்லி முடிக்கவே நேரம் போய்விடும். வாரம் ஒருமுறை தொடங்கி, தேறிய பிறகு இடைவெளியைக் கூட்டுவது நல்லது.

பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்க்கலாம். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற படிவம் இருக்கிறது: கடந்த இரண்டு வாரம் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் ஓரளவு கடுமை, 20 முதல் கடுமை. பதற்றத்துக்கு ஜிஏடி-7, 7 கேள்வி, மொத்தம் 21. பிஎச்க்யூ-9-இல் 5 புள்ளி இறங்கினால் அது உண்மையான முன்னேற்றம். 17-இலிருந்து 16-க்கு வந்தது அன்றைய மனநிலையாகவும் இருக்கலாம்.

எண் மட்டும் போதாது என்பதும் உண்மை. காலையில் எழுந்து குளிக்க முடிகிறதா, தள்ளிப்போட்ட ஒரு போனைச் செய்தீர்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதிர்ச்சி நினைவுகளைத் தொடும்போது இடையில் சில வாரம் மோசமாவது இயல்பு. அதைத் தெரபிஸ்ட் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சிபிடி போன்ற முறைகளில் ஆறு முதல் எட்டு அமர்வு வரை எதுவும் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். தெரபியால் நிலை மோசமாகிறவர்களும் ஒரு சிறு பங்கு உண்டு. அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு அமர்விலும் அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மாறிவிடலாமா?

தெரபிஸ்டுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றி உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்ன மூன்று விஷயங்களை வைத்து யோசியுங்கள்: இருவருக்கும் ஒரே குறிக்கோளா, அதை அடையச் செய்யும் வேலையில் உடன்பாடா, நம்பிக்கை இருக்கிறதா. எதில் இடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் என்ன செய்வது என்று தெரியும். "வீட்டுப்பாடம் ஏன் என்றே புரியவில்லை" என்பதை ஒரு பேச்சில் சரிசெய்யலாம். "போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது" என்று சொல்லிப் பாருங்கள். அதை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில் அவருடைய திறமை தெரிந்துவிடும். விரிசலைப் பேசிச் சரிசெய்வதே பலருக்குச் சிகிச்சையின் திருப்புமுனையாகிறது. அவர் தற்காப்பில் இறங்கினால், உங்கள் மீதே பழியைத் திருப்பினால், தயங்காமல் மாறுங்கள்.

நான் சொல்வதெல்லாம் ரகசியமா?

ஆமாம், சில விதிவிலக்குகளோடு. உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து, குறிப்பிட்ட இன்னொருவருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடப்பது, நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றில் தெரபிஸ்ட் வெளியே சொல்ல வேண்டிவரலாம். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் டராசாஃப் வழக்கில், ஆபத்தில் இருக்கும் மூன்றாம் நபரைக் காக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல இடங்களில் இது விதியானது. வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறும், எழுத்தில் கேளுங்கள். குறிப்புகளை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பார், கட்டணம் செலுத்தும் குடும்பத்தினர் விசாரித்தால் என்ன சொல்வார் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டுத்தான் தெரபிக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேர்ந்தால் நல்லது. இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றில் மருந்துதான் அடித்தளம். தெரபி அதற்குத் துணை. மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு மட்டுமே. பென்சோடயசெபின் வகைப் பதற்ற மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சிக்குச் சற்று முன்பு அதைப் போட்டால் பயிற்சியின் பலன் குறையும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

ஆன்லைன் தெரபி போதுமா?

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ வழி நன்றாகவே வேலை செய்கிறது. பெரும்பாலும் கெடுவது தனிமை இல்லாததால்தான்: பக்கத்து அறையில் ஆள் இருந்தால் முக்கியமானதைச் சொல்ல மாட்டீர்கள். ஹெட்போன், மூடிய கதவு, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது என்ற ஏற்பாடு மூன்றும் வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரபிஸ்ட் கேட்டால் சந்தேகப்படாதீர்கள். அவசரம் என்றால் உதவி அனுப்ப அது தேவை.

எதைக் கண்டால் விலக வேண்டும்?

குணமாகும் என்று உத்தரவாதம் தருவது. அமர்வுக்கு வெளியே நட்பு, வியாபாரம், கடன். எந்த வகைப் பாலியல் நெருக்கமும். இதற்கு விதிவிலக்கே கிடையாது, நீங்கள் சம்மதித்தாலும் குற்றம் அவருடையதுதான், பதிவு அமைப்பில் புகார் செய்யுங்கள். அமர்வு நேரத்தில் தன் சொந்தக் கதையையே பேசுவது. இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்பது. முதல் சந்திப்பிலேயே "இது சிறுவயதுக் கொடுமையால்தான், உங்களுக்கு ஞாபகம் இல்லை" என்று அடித்துச் சொல்வது. தூண்டிவிட்டால் நடக்காததும் நினைவாக உருவாகலாம்.

இப்போதே வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது. அடுத்த அமர்வு வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். எண்ணத்தோடு திட்டமும் இருந்தால், தனியாக இருக்காமல் நம்பிக்கையான ஒருவரை உடனே அழைத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். அந்த நேரம் கடந்த பிறகு தெரபிஸ்டோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதலாம். எண்ணம் வரப்போகிறது என்பதன் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவ உதவி எண்கள், ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுவது என்று வரிசையாக ஆறு படிகள் அதில் இருக்கும். கடைசிப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். தீவிரமான அந்த உந்துதல் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

முதல் போனிலேயே என்ன கேட்கலாம்?

பத்து நிமிடம் போதும். என் பிரச்சினை இது, இதைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? எந்த முறையில் செய்வீர்கள், அதில் என்ன பயிற்சி? பதிவு எண் என்ன? மேற்பார்வைக்குப் போகிறீர்களா? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? பலன் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கூர்ந்து கேளுங்கள். "அப்படி ஆகாது" என்பது நல்ல பதில் அல்ல. "எட்டாவது அமர்வில் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம், தேவைப்பட்டால் வேறு ஒருவரிடம் அனுப்புவேன்" என்பது நல்ல பதில்.

தெரபியை எப்படி முடிப்பது?

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று அமர்வுக்கு முன்பே முடிக்கும் தேதியைப் பேசிவையுங்கள். கடைசி அமர்வுகளில் எது உதவியது, மறுபடி சறுக்கினால் முதலில் தெரியும் அடையாளம் என்ன (தூக்கம் கெடுவதா, போனை எடுக்காமல் விடுவதா), அப்போது முதல் வாரத்தில் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு அமர்வு வைத்துக்கொள்வது நடைமுறையில் உண்டு. பிஎச்க்யூ-9 படிவத்தில் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து 10-ஐத் தாண்டினால் பழைய தெரபிஸ்டுக்கே போன் செய்யலாம், புதிதாக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.